ரெண்டு பை போதும்

டைல்ஸ் பதிக்கும் எங்கள் தெருக்காரர் ஒருவருக்குக் ‘கண்ணளவு’ என்று பட்டப்பெயர். மேகத்தைப் பார்த்தே எத்தனை குடம் மழை என்று சொல்லிவிடுவார். குடம் குறைந்தால் குற்றம் மேகத்தினுடையது. இடுப்பில் அளவு டேப் தொங்கும். அதை அவர் இழுத்து யாரும் பார்த்ததில்லை. நின்றுபோன கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்வது மாதிரி, அழகுக்கு.

அவர் தங்கை தையல்காரி. வீட்டு முன்னறையைக் கடையாக்க, தரைக்கு உள்ளங்கை அகல டைல்ஸ் வாங்கினாள். “எங்கண்ணன் போடுற தரை, வந்து பாருங்க” என்று துணி கொடுக்கும் பெண்களிடமெல்லாம் பெருமையடித்தும் வைத்தாள்.

டைல்ஸ் இடுக்குகளை அடைக்கும் கிரௌட் பவுடர், ஒரு கிலோ பையாக இரண்டு கொண்டுவந்தார் கண்ணளவு.

“அண்ணே, இது பத்துமா?”

“இதே அளவு ரூமு நூறு முடிச்சிருக்கேன். ரெண்டு பை போதும்.”

“அதெல்லாம் பெரிய டைல்ஸு. துண்டு சின்னதானா தையல் கூடும், நூலும் கூடுமில்ல?”

“நீ பாவாடைக்கு நாடா கோரு. தரைய எங்கிட்ட விடு.”

அடைக்கத் தொடங்கினார். கால்வாசி அறை முடியுமுன்னே இரண்டு பையும் காலி. தங்கை வெளியே போயிருந்த நேரம் பூனை மாதிரி நழுவி, அதே நிறத்தில் எட்டுப் பை வாங்கிவந்து மிச்சத்தை முடித்தார். காலிப் பைகளைக் கருவிப் பைக்குள் ஒளித்தார்.

கடை திறக்கும் நாள் காலை, பூச்சு காய்ந்திருந்தது. ஒரு மூலை சாம்பல். மீதி பால் கூடிப்போன டீ. பையில் போட்டிருந்த நிறப்பெயர் ஒன்றுதான், ஆனால் கம்பெனியில் வேறு வேறு தடவை கலந்த பவுடர்.

“என்னண்ணே இது?”

“வெயில் படுற பக்கம் அப்படித்தாம்மா தெரியும்.”

தங்கை போய்த் திரைச்சீலையை மூடினாள். வெயில் போயிற்று; நிறம் பிரிந்த கோடு போகவில்லை. அவள் திட்டியிருந்தால் தப்பித்திருப்பார். அவளோ அந்த மூலையை மறைக்கத் துணி வெட்டும் மேசையை மூச்சுப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். கண்ணளவு மேசையின் மறுமுனையைப் பிடித்து நிறுத்தினார்.

“இழுக்காதம்மா. கணக்கு தப்பிடுச்சி. உனக்குத் தெரியாம வேற வாங்கிப் போட்டேன். அந்த மூலைய சுரண்டிட்டு அடைக்கிறேன்.”

“எத்தன பை வேணும்?”

‘ரெண்டு’ நாக்கு நுனிவரை வந்து நின்றது. இடுப்பு டேப்பை இழுத்தார். துருவேறி, வரவே மாட்டேன் என்றது. தங்கை கழுத்தில் கிடந்த தையல் டேப்பைக் கழற்றி நீட்டினாள்.

மண்டியிட்டு, அந்த மூலையின் இடுக்குகளைக் கோடு கோடாக அளந்தார். ஒளித்த காலிப் பைகளில் பின்னால் வாங்கியதில் ஒன்றை அவள் கண்ணெதிரே எடுத்து, அதில் அச்சடித்த கலவை எண்ணைக் காட்டினார். “இதே நம்பர்ல மூணு, சுரண்டுற ஓரத்துக்கும் சேத்து.”

பையோடு திரும்பிச் சுரண்டிக்கொண்டிருந்தபோது முதல் பெண் உள்ளே வந்தாள்.

“தரை யாரு போட்டது?”

“எங்கண்ணன்தான்” என்றாள் தங்கை, குரல் இறங்காமல்.

கண்ணளவு நிமிரவில்லை. இடுக்கில் பிளேடை அழுத்திக்கொண்டு இன்னும் குனிந்தார்.