மடுல்சீமையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

பதுளையில் எங்கள் கடைக்கு லொறி வாங்கிய முதல் வருஷம் அது. ஆயுத பூசைக்கு மறுநாள் காலை ஐந்து மணிக்கு அரிசி மூட்டைகளோடு மடுல்சீமைக்குப் புறப்பட்டோம். பசறை பன்னிரண்டு மைல். அங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு இன்னொரு பன்னிரண்டு மைல், அதில் பாதி ரோட்டு என்று பேர் வாங்கிக்கொண்ட சேறு. ஓட்டியவன் ராயப்பன். பூசையன்று அவன் லீவு; வண்டியைக் கழுவியதும் பொட்டு வைத்ததும் நான்தான். செய்வதை அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. விளக்கு, சக்கரம், பெட்ரோல் தொட்டியின் மூடி என்று ஒன்றையும் விடாமல் சந்தனத்தை அள்ளி அப்பியிருந்தேன்.

ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும். மூன்று மைலுக்கு ஒரு தரம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவதும், கையோடு தொட்டி மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பெட்ரோல் பார்ப்பதும் ராயப்பன் வழக்கம். பசறையில் தேநீர் குடித்தோம். கோப்பை மூன்று சதம். அந்தக் காசுக்கு வெறும் வெந்நீரே தேவலை.

ஒன்பது மணிக்குத் தோட்டம். மூட்டைகளை இறக்கி முடித்த நேரம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து ஒருவர் ஓடிவந்தார். கருப்பையா என்று பேர், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மனைவி செல்லாயிக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி, தலைப்பிள்ளை. இனிமேல் தன் கையில் இல்லை, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் தாயும் பிள்ளையும் பிழைக்கும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாளாம். மாட்டு வண்டியில் போனால் பொழுது சாய்ந்துவிடும். பன்னிரண்டு மணிக்குள் சேர்த்துவிடுகிறேன், தூக்கி வாருங்கள் என்றேன். என் லொறியை நம்பிச் சொன்ன வார்த்தை அது.

ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். பின்னால் சாக்கு விரித்து அவளைப் படுக்கவைத்து, கணவரும் மருத்துவச்சியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். இறக்கம்தானே, எங்கும் நிறுத்தாதே என்று ராயப்பனிடம் நான் சொன்னேன். அவனும் குச்சியைத் தொடவில்லை.

ஐந்தாவது மைலில் எஞ்சின் இருமத் தொடங்கியது. ஒரு இழுப்பு, ஒரு திக்கல், கார்புரேட்டருக்குள் படீர் என்று ஒரு வெடி, பிறகு நின்றேபோனது. ராயப்பன் பிளக்குகளைக் கழற்றினான். கரியில்லை, எண்ணெயில்லை, நாலும் காய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறி தட்டிப் பார்த்தான். நாலிலும் பொறி நன்றாகவே விழுந்தது. அப்படியானால் கோளாறு நெருப்பில் இல்லை, பெட்ரோல் வருவதில்தான் என்றான். குழாயைக் கழற்றினால் சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிட்டது. டின்னிலிருந்து ஊற்றும்போது தூசி போயிருக்கும் என்று நினைத்து, வாய் வைத்துத் தொட்டிப் பக்கமாக ஊதினான். பெட்ரோல் கொட்டியது. எஞ்சினும் பிடித்துக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

நாலு மைல் போனதும் மறுபடி அதே இருமல். இம்முறை கார்புரேட்டரையே பிரித்துத் துணியில் பரப்பிவிட்டான். மழை தூறியது. பின்னாலிருந்து செல்லாயியின் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று நான் அவனை நச்சரித்தேன். மறுபடி ஊதினான், மறுபடி ஓடியது.

பன்னிரண்டரை மணி. பசறையைத் தாண்டி மூன்றாவது மைலில் மூன்றாம் தடவையாக நின்றது. மருத்துவச்சி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பெட்ரோலே தீர்ந்துவிட்டதோ என்று ராயப்பன் தொட்டி மூடியைத் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் எனக்கே கேட்டது. கழற்றிவிட்டிருந்த குழாயில் பெட்ரோல் தானாகவே ஓடியது.

அவன் மூடியைத் திருப்பி என்னிடம் நீட்டினான். நடுவில் ஊசி நுழையுமளவு ஓட்டை. அதன் வழியாகக் காற்று போனால்தான் தொட்டியிலிருந்து பெட்ரோல் இறங்குமாம். ஓட்டை நிறையக் காய்ந்து இறுகிய சந்தனம். ஏறும்போது மூன்று மைலுக்கு ஒரு தரம் அவன் மூடியைத் திறந்ததால் கோளாறு தெரியாமலே போயிருக்கிறது. ஒரு கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, "ஏறுங்க முதலாளி" என்றான். அதற்குமேல் வண்டி எங்கும் நிற்கவில்லை.

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. மூன்று மணிக்குத் தாதி வெளியே வந்தாள். தாய் பிழைத்துவிட்டாள். பிள்ளை, ஆண் பிள்ளை, உயிரில்லாமல் பிறந்தது.

மருத்துவச்சி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "பசறை வரைக்கும் அசைஞ்சுக்கிட்டுத்தாங்க இருந்துச்சு" என்றாள். கருப்பையாவிடம் போய், மூடியில் சந்தனம் வைத்தது நான்தான், வண்டி நின்றது என்னால்தான் என்று சொல்லிவிட்டேன். சட்டையைப் பிடித்து அவர் என்னை உலுக்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் தரையில் உட்கார்ந்தார். "சாமிக்குன்னுதானேங்க வச்சீங்க. உங்கள நான் என்னத்தச் சொல்ல" என்றார். பிறகு, "இன்னைக்கே மேல போயிட முடியுமாங்க? காலையில ஆளெண்ணுற பெரட்டுல நிக்கலேன்னா அன்னைக்குக் கூலிக்குப் பேர் போடமாட்டாங்க. இவனையும் அங்கதான் அடக்கணும்" என்றார்.

பெற்றவளுக்குத் துணையாக மருத்துவச்சி தங்கிக்கொண்டாள். நாலு மணிக்கு நாங்கள் மூவரும் கிளம்பினோம். வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் கருப்பையா உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஊற்ற நிறுத்தும் நிமிஷம் போதவில்லை; இடையில் ஒரு தரமாவது கோளாறாகி நின்றுவிடக் கூடாதா, இறங்கி அவர் முகத்தைப் பார்க்காமல் கொஞ்சநேரம் நிற்கலாமே என்று தவித்தேன். இருபத்து நான்கு மைல் ஏற்றத்திலும் எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை.