ஜப்பான் செல்வரத்தினம்

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் தமிழர் யாராவது கார் ஓட்டப் பழக வேண்டுமென்றால் செல்வரத்தினம் அண்ணையிடம்தான் போவார்கள். ஆள் பொறுமைசாலி. கூடவே ஜப்பான் நாட்டு வரலாறும் இலவசமாகக் கிடைக்கும். அதை வேண்டாமென்று சொல்ல வழியில்லை. பெல்ட் கட்டியிருக்கும், கால் கிளச்சில் இருக்கும், எங்கே ஓடுவது? நானும் அவரிடம்தான் பழகினேன்.

"தங்கச்சி, செக்கிகஹாரா எண்டொரு சண்டை. ஆயிரத்து அறுநூறாம் ஆண்டு. ஒரே நாளில முடிஞ்சது. அதுக்குப் பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல பெரிய சண்டையே இல்லை. வாளெல்லாம் துருப்பிடிச்சு, சாமுராய்மார் கணக்கெழுதுற கிளாக்கர்மாராப் போச்சினம். இடப்பக்கம் சிக்னல் போடுங்கோ."

அமெரிக்காவின் கறுப்புக் கப்பல்கள் வந்து ஜப்பானின் கதவைத் தட்டும்போது நாங்கள் வொன்ஸ்ரெட் பக்கம் நிற்போம். ரஷ்யாவின் கப்பற்படை கடலுக்குள் மூழ்கும்போது றொம்போர்ட் ரோட்டுக்கு வந்துவிடுவோம். ஹிரோஷிமாவோடு பாடம் முடியும். "சாம்பலாப் போன நாடு. இருபது வருஷத்தில புல்லட் ரெயின் விட்டவங்கள். நாங்களும் அப்படி எழும்ப வேணும்." இந்தக் கடைசி வசனம் மட்டும் ஒருநாளும் மாறாது.

"கொரியாச் சண்டைக்குச் சாமான் வித்துத்தானே அண்ணை அவங்கள் எழும்பினவங்கள்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். எங்கேயோ வாசித்தது. அன்று முழுக்க என்னை ரிவேர்ஸ் எடுக்க வைத்தார். முதல் டெஸ்ட்டில் நான் தோற்றதற்கு ரவுண்டபவுட்தான் காரணம் என்று எழுதித் தந்தார்கள். ஜப்பான்தான் காரணம் என்று நான் இன்றைக்கும் சொல்லுவேன்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கலியாணமோ செத்தவீடோ, வயது போன ஒருவரைக் கண்டால் 'இரண்டு வார்த்தை பேசுங்கோ' என்று மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அண்ணைக்கு அது போதும். மாரடைப்பில் போன ஒரு கடைக்காரரின் செத்தவீட்டில் நாகசாகியைப் பற்றி அவர் பேசிய பேச்சில், அழ வந்த சனம் அழ மறந்து மணிக்கூட்டைப் பார்த்தது. அதோடு 'ஜப்பான் செல்வரத்தினம்' என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இத்தனைக்கும் மனிதர் இருபத்தாறு வயது வரை யாழ்ப்பாணத்தில், ஒரு சண்டைக்கு நடுவில் இருந்தவர். தொண்ணூற்றைந்தில், இராணுவம் நெருங்க யாழ்ப்பாணச் சனம் முழுக்க ஊரை விட்டு வெளியேறிய இடப்பெயர்வுக்குப் பிறகு ஜெர்மனிக்கு வந்து, அங்கே தவமலரைக் கலியாணம் செய்து, மகள் இங்கிலீஷில் படிக்க வேண்டுமென்று லண்டனுக்கு மாறியவர். அந்தச் சண்டையைப் பற்றிக் கேட்டால் "அது முடிஞ்ச கதை" என்பார். நானூறு வருஷப் பழைய செக்கிகஹாரா மட்டும் முடியாத கதை!

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் சயந்தினி காதலித்தது ஷுன் என்ற ஜப்பான்காரப் பெடியனை. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான். அண்ணை துள்ளிக் குதித்தார். கலியாணம் பேச ஷுனின் தகப்பன் ஒசாகாவிலிருந்து வருகிறார் என்றதும் சயந்தினி தன் அப்பாவைப் பிடித்து இருத்தினாள்.

"அப்பா, சண்டையைப் பற்றி ஒரு சொல் கதைச்சீங்களெண்டாலும், நாங்கள் ரெஜிஸ்டர் ஒஃபிஸில கையெழுத்து வைச்சிட்டுப் போயிடுவம். ஆர்ச்வே முருகன் கோயில் கலியாணமும் இல்லை, உங்களுக்கு அழைப்பும் இல்லை. சீரியஸாச் சொல்லுறன்."

அவள் சொன்னதில் பிழையில்லை. சம்பந்தியாகப் போகிற மனிதருக்கு வடையோடு சேர்த்து அணுகுண்டையும் பரிமாற முடியுமா?

"எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை, தங்கச்சி. வாயே திறக்கமாட்டன்," என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. தவமலர் புருஷனை நம்பவில்லை. "நீங்கள் பக்கத்தில இருங்கோ அக்கா. மனுசன் தொடங்கினா காலில மிதியுங்கோ," என்று என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள்.

ஷுனின் தகப்பன் ஒகாதா ஒசாகாவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவி இல்லை. அவர் ஜப்பானிய மொழியில் பேச, ஷுன் அதை இங்கிலீஷில் சொன்னான். வெயில், இறால் பொரியல், விமானப் பயணம் எல்லாம் பேசினோம். தோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ரயிலில் எவ்வளவு நேரம் என்று தவமலர் கேட்டாள்.

"இரண்டரை மணித்தியாலம். பனி கொட்டினால் செக்கிகஹாராவில் மெதுவாகப் போகும். தொல்லை பிடித்த இடம்," என்றார் ஒகாதா.

அண்ணை வாயைத் திறந்தார். நான் காலைத் தூக்கினேன். அவர் முழு வடை ஒன்றை வாய்க்குள் அடைத்து விழுங்கினார். அந்த நேரத்தில் அவரைப் போல ஒரு வீரனை நான் கண்டதில்லை.

சாப்பாடு முடியும் நேரத்தில் ஒகாதா கதிரையில் நிமிர்ந்து இருந்து, மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். ஷுன் கொஞ்சம் தயங்கித்தான் அதைச் சொன்னான். "உங்கள் நாட்டில் பெரிய யுத்தம் நடந்தது என்று அப்பா வாசித்திருக்கிறார். சம்பந்தியாகப் போகிறவர் பட்ட பாடு தெரியாமல் இருப்பது மரியாதை இல்லையாம். அப்போது உங்களுக்கு என்ன நடந்தது?"

மிதிப்பதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணை மகளைப் பார்த்தார்.

"சண்டையைப் பற்றிக் கதைக்க வேண்டாமெண்டு சொன்னனி."

"பரவாயில்லை. சொல்லுங்கோ அப்பா. நான் அவருக்குச் சொல்லுறன்."

மைக் கிடைத்தால் ஒரு மணித்தியாலம் பேசுகிற மனிதர், மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார். "சனமெல்லாம் ஒண்டா வெளிக்கிட்டது. மழை. யாழ்ப்பாணத்தை விட்டுப் போற நாவற்குழிப் பாலத்தடியில அரக்கவோ அசையவோ ஏலாத சனம். மாட்டை அவிட்டுவிட மறந்துபோச்செண்டு தம்பி கணேசு திரும்பிப் போனவன். நான் பாலத்துக்கு அங்கால நிண்டு பாத்தன். விடிஞ்ச பிறகும் பாத்தன்."



"எந்தத் தம்பி?" என்றாள் தவமலர். பாயாசச் சட்டி அவள் கையிலேயே இருந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கும் தெரியாது. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் விளங்கவில்லை.

சயந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒகாதாவின் பக்கம் திரும்பினாள். அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்ததாகவும், யுத்தத்தில் இறந்துபோனதாகவும் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினாள்.

அண்ணை அவளுடைய கையைப் பிடித்தார்.

"செத்துப்போனான் எண்டு சொல்லாதை பிள்ளை. இன்னும் வரேல்லை எண்டு சொல்லு."