எலி வராத சனிக்கிழமை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, வீட்டுக்கு வந்தால் அணைந்தும் அணையாத அடுப்பு. அந்த நாட்களில் எனக்கு இருந்த பெரிய கவலை ஒரு கித்தார். இல்லாததால் வந்த கவலை இல்லை, வந்து சேர்ந்ததால் வந்த கவலை. புதிதாக ஒரு கித்தார் என் வீட்டுக்கு வந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இதை என் மனைவியிடம் எப்படிச் சொல்வது, அல்லது எப்படிச் சொல்லாமல் சமாளிப்பது என்று அந்த வாரம் முழுவதும் திண்டாடினேன்.

நான் திருவனந்தபுரத்தில் காட்டிலாகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தேன். தேக்கு, ஈட்டி, வேங்கை என்று நாளெல்லாம் எழுதுவேன். மரத்தை நேரில் காட்டினால் பேர் சொல்லத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் ஊர் தெற்கே, கல்குளம் பக்கம். கரமனை ஆற்றுக்கு இப்புறம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச் சபையில் ஆராதனைப் பாட்டுக்கு வாசிப்பது என் வேலை. ஆர்மோனியம் வாசிக்க வேறொருவர் இருந்தார். நான் கித்தார். ஆரம்பத்தில் சபை மூப்பர்களுக்கு அது பிடிக்கவில்லை. நாடகக்காரன் சாமான் என்றார்கள். பிறகு பழகிவிட்டார்கள், அல்லது சலித்துவிட்டார்கள்.

முதல் கித்தார் கொழும்பிலிருந்து வந்தது. கல்யாணமான மறுவருஷம். அங்கே ஒரு கடையில் வேலை பார்த்த என் சித்தப்பா மகன் வாங்கி அனுப்பினான். கப்பலில் தூத்துக்குடி, அங்கிருந்து யார் யார் கையிலோ மாறி என் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெட்டியைத் திறந்ததும் வார்னிஷ் வாசனை அடித்தது. நான் கையை நீட்டினேன். என் மனைவி நடுவில் வந்து நின்றுவிட்டாள்.

"தொடப்படாது. ஞாயித்துக்கிழமை ஆவட்டும்" என்றாள்.

எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு. வாழை முதல் குலை போட்டால் அது சபைக் கோயிலுக்கு. முதல் மாதச் சம்பளம் கோயிலுக்கு. மாடு கன்று போட்டால் முதல் பால் போதகர் வீட்டுக்கு. அந்தக் கணக்கில் புது வாத்தியத்தின் முதல் சத்தமும் கடவுளுக்குத்தான் என்று அவளே ஒரு சட்டம் போட்டாள். நாம் முதலில் வாசித்துவிட்டு அப்புறம் கோயிலுக்குக் கொண்டுபோனால் அது எச்சிலாம். பலகாரத்தைக் கடித்துவிட்டுக் கொடுக்கிற மாதிரியாம். வேதத்தில் இது எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வந்தது செவ்வாய்க்கிழமை. ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். கச்சேரியில் கோப்பு ஓடவில்லை. ஈட்டி மரக் கணக்கைத் தேக்கில் எழுதிவைத்து மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சனிக்கிழமை மத்தியானம் அவள் பையை எடுத்துக்கொண்டு, சாலைக் கடைத்தெருவுக்கு மிளகாய் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினாள். அவள் தலை மறைந்ததும் நான் பெட்டியைத் திறந்தேன். ஜன்னலைச் சாத்தி, கம்பிகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு, மெதுவாக வாசித்தேன். கொஞ்ச நேரத்தில் துண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் திரும்பிவரும்போது எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

அவள் உள்ளே வந்து, பெட்டியைப் பார்த்து, என் விரல் நுனியைப் பார்த்து, "எலி வந்துதா?" என்றாள்.

"வரலியே" என்றேன்.

"செரி" என்று பையை இறக்கினாள். அவ்வளவுதான்.

இரண்டாவது கித்தார் மெட்ராஸிலிருந்து ரயில் பார்சலில் வந்தது. ஏன் இரண்டாவது என்றால், மழைதான் காரணம். வைகாசி நடுவில் பிடிக்கும் இந்த ஊர் இடவப்பாதி மழைக்கு எந்தப் பசையும் தாங்காது. மரம் ஊறும், பசை விடும். கம்பிகளைத் தாங்கும் கட்டை ஒருநாள் பிரசங்கத்துக்கு நடுவிலேயே படாரென்று பிய்ந்துகொண்டு வந்தது. போதகர் மன்னிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு ஆமென் சொல்லிவிட்டார். சபையும் சொன்னது. ஒட்டி வாசித்தேன், மறுபடி ஒட்டினேன். கடைசியில் புதிது வாங்கினேன். அப்போதும் சனிக்கிழமை அவள் சாலைக் கடைத்தெருவுக்குப் போனாள். எலி வந்தது. எலி வந்துதா என்று கேட்டாள். வரலியே என்றேன்.

மூன்றாவது, பட்டாள வாத்தியக் கோஷ்டியிலிருந்து ஓய்வுபெற்றுப் போன ஒருவரிடம் வாங்கியது. பழையதானாலும் நம் வீட்டுக்கு வந்தபிறகு முதல் சத்தம் கோயிலுக்குத்தான் என்று அவள் சட்டத்தை நீட்டிவிட்டாள். அப்போதே ஏதோ குறைந்திருந்தது. சாப்பாடு வழக்கம்போல இறங்கியது. கோப்பில் பிழை வரவில்லை. அவள் சாலைக்குப் போனதும் வாசித்தேன்தான், ஆனால் பாதி வழக்கத்துக்காக. இதன் பசை எந்த மழைக்கு விடும் என்றுதான் வாசிக்கும்போதே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எதிர்பார்த்தபடி அதுவும் பிளந்தது. நான் வேறு தேடவில்லை. யுத்தம், கப்பல் இல்லை, மெட்ராஸில் சரக்கு இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் கப்பல் ஓடியிருந்தாலும் தேடியிருக்க மாட்டேன். முன்பெல்லாம் மத்தியானச் சாப்பாட்டின்போது வாத்தியக் கடை விலைப்பட்டியலை விரித்துவைத்துக்கொண்டு படங்களைப் பார்ப்பேன். அதைக் கிழித்து அலமாரித் தட்டில் சாமான்களுக்கு அடியில் விரித்துவிட்டேன். வருத்தமும் இல்லை. பெரிய துக்கம் ஏதாவது வந்து ஆசையைக் கொண்டுபோயிருந்தால் அதைச் சொல்லி அழலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆசை ஓய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

என் மனைவி இதைக் கவனித்திருக்கிறாள். ஆனால் அவள் புரிந்துகொண்டது வேறு. கித்தார் கிடைக்காததால் மனிதன் வாடிப்போயிருக்கிறான் என்று நினைத்துவிட்டாள்.

அவள் தம்பி பொன்முடியில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அங்கே ஒரு துரை சீமைக்குத் திரும்புகிறார் என்றும் பங்களாச் சாமான்களை விற்கிறார் என்றும் அவனிடமிருந்து சேதி வந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். ஒரு புதன்கிழமை சாயங்காலம் நான் கச்சேரியிலிருந்து வந்தால், கூடத்தில் சாக்குச் சுற்றிய பெட்டி. தோட்டத்து லாரிக்காரன் இறக்கிவிட்டுப் போயிருந்தான். அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"தொறந்து பாருங்கோ" என்றாள்.

திறந்தேன். நல்ல கித்தார். நான் வாங்கிய மூன்றையும்விட நல்லது. அதிகம் வாசிக்கப்படாதது, புதிதென்றே சொல்லலாம். மலைக் குளிரில் இருந்ததால் ஒரு வெடிப்பு இல்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் இதுதான்: கம்பி மாற்ற வேண்டும். விரல் நுனி மறுபடி காய்க்க வேண்டும். அதற்குள் மழை வந்துவிடும்.

நிமிர்ந்தேன். அவள் கித்தாரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆகா" என்றேன். அது போதாது என்று தோன்றியதால் இன்னொரு முறையும் சொன்னேன். சிரித்தேன். கன்னம் வலித்தது.

"எச்சிலாக்கப்படாது, கேட்டியளா. ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாளு உண்டு" என்று அவள் பெட்டியை மூடினாள். பெட்டியின் கொக்கி உடைந்திருந்தது. பழைய வேட்டிக் கரையைக் கிழித்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டினாள். அவள் போடும் முடிச்சு வேறு யாருக்கும் வராது. அதை அவிழ்க்கவும் யாராலும் முடியாது. அரிசி மூட்டையை அவள் கட்டிவைத்துவிட்டுப் போனால் நான் கத்தியைத்தான் எடுப்பேன்.

மறுநாள் காலையில் பல் துலக்கக் கொல்லைப்பக்கம் போனேன். கோழிக்கூடு காலியாக இருந்தது.

"கோழியெல்லாம் எங்கே?"

"கீரி பிடிச்சிட்டுது" என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"பெரிய கீரி."

பாவம் என்று சொல்லிவிட்டுக் கச்சேரிக்குப் போனேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பெட்டி கூடத்தில் கிடந்தது. ஊருக்குப் போக யாரோ கட்டிவைத்த சாமான்போல அதைச் சுற்றி நடந்தேன். பார்க்கும்போதெல்லாம் அலுப்பாக வந்தது. அந்த அலுப்பு அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று ஒரு பயமும் இருந்தது. சாப்பிடும்போது நானாகக் கித்தாரைப் பற்றிப் பேசினேன். அதன் மரம் என்ன மரமாக இருக்கும் என்று கேட்டேன். காட்டிலாகாவில் இருப்பது நீங்களா நானா என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் பையை எடுத்துக்கொண்டாள்.

"சாலை வரைக்கும் போயிட்டு வாறேன். வர நேரமாவும், கேட்டியளா" என்று வாசலில் நின்று சொன்னாள். படலைத் திறந்தபிறகு மறுபடி சொன்னாள்.

நான் பெஞ்சில் படுத்துச் செய்தித்தாளைப் பிரித்தேன். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு பாலம் குண்டு பட்டு விழுந்திருந்தது. அதைப் படித்துக்கொண்டே தூங்கிவிட்டேன். கனவுகூட வரவில்லை.

கண் விழித்தபோது அவள் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"எலி வந்துதா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருடி வாசிக்க மறந்துபோயிருக்கிறேன். ஆசை இல்லாவிட்டால் போகட்டும், அவளுக்காகவாவது செய்திருக்க வேண்டிய ஒரு காரியத்தை நினைக்கக்கூட இல்லை. பதறிவிட்டேன். இத்தனை வருஷமாகச் சொன்ன பதிலை மாற்றிச் சொன்னேன்.

"வந்துது. பெரிய எலி" என்றேன்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வேட்டிக் கரையில் அவள் போட்ட முடிச்சு அவள் போட்டபடியே இருந்தது.

"செரி" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் அடுப்படிக்குப் போனேன். அவள் முறத்தில் மிளகாயைக் கொட்டிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை.

"மொளகா வாங்க நான் சாலை வரைக்கும் என்னத்துக்குப் போறேன்னு நெனைச்சிய? இங்ஙன முக்குக் கடையிலயே உண்டு."

நான் நிலைப்படியில் உட்கார்ந்தேன்.

"ஒவ்வொரு தடவையும் படலுக்கு வெளிய அந்தப் புளியமரத்துக்கிட்ட நின்னு கேட்டுட்டுத்தான் போவேன். நீங்க துண்டைப் போட்டு வாசிப்பிய. அப்புறம் துண்டை மறந்துருவிய. அதுக்குப் பொறகுதான் நடப்பேன்." ஒரு காம்பைக் கிள்ளினாள். "இண்ணைக்கும் நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன்."

"எனக்கு முன்ன மாதிரி ஆசை வரமாட்டேங்குது. எங்கே போச்சுன்னு தெரியலை. உன்மேல ஒண்ணும் குறையில்லை, அந்தக் கித்தார்மேலயும் இல்லை" என்றேன்.

"அது புதன்கிழமையே கண்டேன்" என்றாள். "எண்ணாலும் சனிக்கிழமை வரட்டும்னு இருந்தேன்." பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கீரி பிடிச்சுதுன்னு சொன்னா அதையும் நம்பிட்டுப் போறிய."

அப்போதுதான் கோழிகள் எங்கே போயின என்று எனக்குப் புரிந்தது. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் கித்தாருக்கு ஜெபம் செய்தார். வாசித்தேன். துரைமார் சாமான் என்றால் சும்மாவா என்று எல்லோரும் சொன்னார்கள். எச்சில் படாத முதல் சத்தம் அன்றுதான் அந்தச் சபைக்குக் கிடைத்தது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் மனைவி பெண்கள் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். மற்ற மூன்று தடவையும் முதல் பாட்டுக்கு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவள் மறுபடி பையை எடுத்தாள். கூடை நிறைய மிளகாய் வீட்டில் கிடந்தது.

"சாலை வரைக்கும்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அவள் போனதும் எழுந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து அவள் மறுபடி போட்டிருந்த முடிச்சைக் கத்தியால் அறுத்தேன். ஜன்னலைச் சாத்தினேன், கம்பிமேல் துண்டைப் போட்டேன். யாருக்கும் தெரியாமல் வாசிக்க வேண்டிய அவசியம் எதுவும் இப்போது இல்லை. ஆசை வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். வரவில்லை. விரல் நுனி எரிந்தது, முதுகு வலித்தது. முதல் கித்தாரில் வாசித்த அதே பழைய பாட்டைத்தான் வாசித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை நானாகவே எடுத்து அப்பால் போட்டேன்.

ஜன்னல் இடுக்கு வழியாகப் புளியமரம் தெரிந்தது. காலிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் நிறுத்தினால் போய்விடுவாளோ, அல்லது போகாமல் அங்கேயே நின்றுவிடுவாளோ தெரியவில்லை. நிறுத்தாமல் வாசித்தேன். அன்று அவள் சாலைக்குப் போகவே இல்லை.

அவள் வரும்போது பெட்டியை மூடிவிட்டுச் செய்தித்தாளை விரித்துவைத்திருந்தேன். அறுத்த துணி தரையில் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், என் விரல்களைப் பார்த்தாள்.

"எலி வந்துதா?" என்றாள்.

"வரலியே" என்றேன்.