ஒரு நாள் பிந்திய பிறை

எங்கள் பட்ச் ஒன்றுகூடலுக்கு நாள் குறித்துக் கொடுத்தவள் நானேதான். பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே அது என் வேலை. எந்தச் சோதனை எந்த வேலைநிறுத்தத்தால் பிந்தியது, யார் யாருக்குப் பின் கல்யாணம் கட்டினார்கள் என்று சந்தேகம் வந்தால் வட்ஸ்அப் குழுவில் இன்றும் என்னைத்தான் கேட்பார்கள். விடுதியில் எனக்கு வைத்த பெயர் 'கலண்டர்'.

இம்முறை எனக்காகவே நாள் பார்த்தார்கள். என் கணவர் பிறை கண்ட மறுநாள் காலையில், மாதத்தின் முதல் நாளிலேயே, வபாத்தானார். கணவனை இழந்தவள் நான்கு பிறை மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போவதில்லை. அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக் கணக்கிட்டு, 'சனிக்கிழமை பொழுது பட்டு மஃரிபோடு என் இத்தா முடியும்' என்று குழுவில் எழுதினேன். கற்பிட்டியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் சனியும் ஞாயிறும் என்று முடிவாயிற்று. எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதையும் படம் எடுப்பதையும் ஞாயிறு பகலுக்கு ஒதுக்கினார்கள். கனடாவிலிருந்து என் அறைத்தோழி டிக்கெட் எடுத்தாள். அவளைக் கடைசியாகக் கண்டது அவளுடைய கல்யாணத்தில். ஞாயிறு இரவே அவளுக்குத் திரும்பிப் போகும் விமானம்.

வழக்கமாக நான் எழுதும் இப்படியான நாள்களின் பக்கத்தில் 'பிறை கண்டால்' என்று ஒரு சொல் சேர்ப்பேன். அன்று சேர்க்கவில்லை.

நான்காம் மாதம் இருபத்தொன்பதாம் நாள் மாலை களப்பின் நீர்ப்பரப்புக்கு மேலே வானம் மூடிக் கிடந்தது. வானொலியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எங்கும் பிறை தென்படவில்லை, மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய்யுங்கள் என்று அறிவித்தார்கள். என் இத்தா ஞாயிறு மஃரிபுக்குத் தள்ளிப்போயிற்று. அதற்குள் எல்லோரும் கலைந்து போயிருப்பார்கள். ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் காசு கட்டியாகிவிட்டது. இனி எதையும் மாற்ற முடியாது.

பத்து நாள் கழித்து, அந்தச் சனிக்கிழமை முழுவதும் போன் கத்திக்கொண்டே இருந்தது. கடலில் நிற்பவர்கள், நண்டுக் கறி, ஒரே நிற டீ-சேர்ட்டில் வயிறு தள்ளிய நண்பர்கள். நான் இருந்த அறையின் ஜன்னலுக்குப் படுக்கை விரிப்பை மறைவாகக் கட்டியிருந்தோம். காற்றடித்தால் அது உள்ளே ஊதும்; விட்டால் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த மாதங்களில் நான் அதிகம் பார்த்த காட்சி அதுதான். இத்தாவை நான் வெறுக்கவில்லை. அதற்குள் அழவும் தூங்கவும் இடம் இருந்தது. ஆனால் கற்பிட்டி ஒரு மணித்தியாலத் தூரம். அந்தத் தூரம் தெரிந்த பிறகு அறை சுருங்கிவிட்டது.

ஞாயிறு காலை மாமி தேத்தண்ணி கொண்டு வந்து கட்டிலில் அமர்ந்தார். என் கணவரைப் பெற்றவர். இத்தாவுக்குரிய ஒழுங்குகளையெல்லாம் இந்த வீட்டில் கவனித்தவரும் அவர்தான்.

"கலண்டர்ல நேத்தே முடிஞ்சிச்சு தானே மகள்?"

"கலண்டர்ல முடிஞ்சிச்சு மாமி."

"அப்ப போய்ட்டு வாவேன். உன்ட தம்பிட்டச் சொன்னா வேன் கொண்டு வருவான். ஆரு கேக்கப் போறா?"

நான் எதிர்பார்த்திருந்த தடை அவரிடம்தான் இருந்தது. அதை அவரே எடுத்துவிட்டார். எழுந்து அலுமாரியைத் திறந்தேன். போவதற்கென்று மடித்து வைத்திருந்த அபாயாவைக் கையில் எடுக்கவும் செய்தேன்.

என் கணவர் உப்பளத்தில் வேலை செய்தவர். இருபத்தொன்பதாம் நாள் மாலைகளில் உப்புப் பாத்தி வரம்பில் போய் நின்று மேற்கே பார்ப்பார். கிளம்பும்போது நான் கலண்டரைக் காட்டி இன்றுதான் பிறை என்பேன். "கலண்டர் அச்சடிச்சவன் கண்டானா?" என்பார். பிறை காணாத மாலைகளில் தோற்றவர் போல இல்லாமல், ஒரு நாள் இனாமாகக் கிடைத்தவர் போலத் திரும்பி வருவார்.

அபாயாவைத் திரும்ப வைத்தேன். மாமி தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பின்னேரம் அஸர் தொழுது முடித்த நேரம் வாசலில் வேன் வந்து நின்றது. கொழும்புக்குப் போகிறவர்கள் பாலாவிச் சந்தியில் தெற்கே திரும்பியிருக்க வேண்டும். இவர்கள் வடக்கே திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெண்கள் உள்ளே வந்தார்கள். அறைத்தோழி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு தள்ளி நிறுத்திப் பார்த்தாள்.

"எடியே, எல்லாற்ற நாளையும் திருத்தித் திருத்தி, கடைசியில உன்ர நாளைப் பிழை விட்டிட்டியே!"

"பிறைக்குச் சொல்லு."

வெளியே ஆண்களின் செருப்புச் சத்தம் கேட்டது. மாமி பதறி எழுந்தார். யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவனின் குரல் வந்தது.

"மாமி, பயப்பிடாதேங்கோ! நாங்கள் உள்ளுக்கு வரேல்லை. றோட்டைப் பாத்துக்கொண்டு முதுகைக் காட்டி நிக்கிறம். ஓய் கலண்டர், கேக்குதா?"

"ஆரு அது கலண்டர்?" என்றார் மாமி.

ஜன்னல் விரிப்பின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். வாசற் படலைக்கு வெளியே ஆறேழு பேர், ஒரே நீல டீ-சேர்ட்டில், தெருவைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். எல்லா முதுகிலும் எங்கள் பட்ச் பெயர். முடி கொட்டிய பிடரிகளை வைத்து யார் யாரென்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"கேக்குது. நடுவுல நிக்கிறது யாரு? அந்த வழுக்கையை எனக்குத் தெரியாதே."

"பாத்தியா, இத்தாவிலயும் வாய் குறையேல்ல!" என்றான் மட்டக்களப்பு நண்பன், தெருவைப் பார்த்தபடியே. "உன்ட அவர் எங்களுக்கு ஒருக்கா இறால் கொண்டு வந்து தந்தவர், நினைவிருக்கா? ஹொஸ்டல்ல ஒருத்தனுக்கும் மிஞ்சல்ல."

"இறால் இல்ல, நண்டு. ரெண்டாம் வருசம், சோதனைக்கு முந்தின கிழமை."

"சரி தாயே, நண்டு."

அப்போது பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பேக்கரிப் பண்டங்களும் விற்கும் முச்சக்கர வண்டி வந்தது. வரிசையாக நிற்பவர்கள் தனக்காகத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்துச் சாரதி நிறுத்திவிட்டான். "எத்தினை பாண் சேர்?" என்றான். ஏமாற்ற மனம் வராமல் மீன் பணிசையெல்லாம் வாங்கிவிட்டார்கள். ஒருவன் திரும்பாமலே பையைப் பின்னால் நீட்ட, மாமி போய் வாங்கி வந்தார். உள்ளே நாங்களும் வெளியே அவர்களுமாகச் சாப்பிட்டோம். வாய் நிறையப் பணிசோடு சிரித்தேன். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் என் சிரிப்பைக் கேட்டு மாமியே திரும்பிப் பார்த்தார்.

நேரமாயிற்று. அறைத்தோழி கைப்பையை எடுத்தாள்.

"மஃரிபுக்கு எவ்வளவு நேரமடி?"

"ஒரு மணித்தியாலம் போல."

"நிண்டா பிளைட் போயிடும். படலை வரைக்குமாவது வாவன்."

படலையில் ஆண்கள் நின்றார்கள். "மஃரிபுக்குப் பிறகு எண்டா கட்டுநாயக்க எயார்போட் வரைக்கும் வருவேன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், வற்புறுத்தவில்லை. கதவுத் திரைக்கு இந்தப் பக்கத்தில் நான் நிற்க, அவள் போனாள். வேன் கதவு மூடும் வரையில் ஆண்களில் ஒருவரும் திரும்பவில்லை.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது அறையில்தான் இருந்தேன். தொழுதேன். மாமி ஜன்னல் விரிப்பை அவிழ்த்து மடித்தார். பிறகு தானே போய்ப் படலையைத் திறந்தார்.

"இனி எங்கயும் போகலாம் மகள்."

வெளியே போய், அவர்கள் நின்ற இடத்தில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் எதிர் வீட்டு மதிலும் அதில் ஒட்டிய டியூசன் விளம்பரமும் மட்டுமே தெரிந்தன. அவ்வளவு நேரமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் என்னோடு கதைத்திருக்கிறார்கள்.

நான்கு மாதங்களாக, வெளியே வந்ததும் போவதற்குக் கற்பிட்டி என்ற ஓர் இடத்தைத்தான் நினைத்து வைத்திருந்தேன். இரண்டாவது இடம் ஒன்றை நான் யோசிக்கவே இல்லை.

"போகல்லயா?" என்று மாமி பின்னாலிருந்து கேட்டார்.

"கொஞ்சம் நிக்கிறேன் மாமி" என்றேன்.