ஐம்பத்தெட்டிலேயே நின்ற எண்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஈரக்காற்று விடும் பம்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். முன்பெல்லாம் பஞ்சைத் தொட்டுப் பார்த்தே பம்பைப் போடுவேன். மாசியில் கம்ப்யூட்டர் வந்தது. திரையில் எண் குறைந்தால்தான் போட வேண்டும் என்றார்கள்.

அதைச் செய்துகொடுக்க ஒரு பெண் திண்டுக்கல்லிலிருந்து வந்தாள்.

"பின்னால ஒரு புரோகிராம் ஓடும்ணே, கண்ணுக்குத் தெரியாது. அது ஈரத்த அளக்கிற சென்சாரப் பாத்துச் சொல்லும். திரை அதுகூட வெப்சாக்கெட்ல பேசும், போனை வைக்காமயே பேசுற மாதிரி. எண் வர்ற இடத்துல எண்தான் வரணும். வேற எது வந்தாலும் நான் போட்டிருக்கிற லைப்ரரி, அதாவது ரெடிமேடா கிடைக்கிற புரோகிராம், ஏத்துக்காது. தப்பே வராது."

தப்பே வராது என்றது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஓயாமல் பேசுகிறது என்றால் என்னைப் பற்றியும் பேசாதா? அதன் முன்னால் கொட்டாவிகூட விடமாட்டேன்.

பங்குனியில் ஒருநாள் காலையிலிருந்தே இழை அறுந்து தள்ளியது. சூப்பர்வைசர் வந்தார்.

"என்னப்பு, பம்பைப் போடாமத் தூங்கிட்டியா?"

திரையைக் காட்டினேன். ஐம்பத்தெட்டு.

"ஈரம் சரியாத்தான இருக்கு? அப்ப நீதான் எதையோ நோண்டிருக்க. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வேலை கிடையாது, பாத்துக்க."

என்னை வெளியே தள்ளத்தான் அந்தப் பெண் எண்ணை நிறுத்தி வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. சாப்பாட்டு நேரத்தில் துண்டை நனைத்துச் சென்சார் மேல் போர்த்தினேன். எண் ஏறவேண்டும். ஏறவில்லை.

"என்னண்ணே, சென்சாருக்குத் தலை துவட்டி விடுறீங்களா?"

அந்தத் திண்டுக்கல் பெண்தான், சூப்பர்வைசர் கூப்பிட்டு வந்திருந்தாள். முகத்தில் சிரிப்பில்லை, இத்தனையும் என் வேலை என்று நினைத்திருப்பாள். நான் திரையை நோக்கிக் கையை நீட்டினேன். துண்டைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். செத்த நேரம் கழித்துச் சொன்னாள்:

"பின்னால ஓடுறது காலையிலேயே நின்னுபோச்சுண்ணே. லைன் மட்டும் திறந்தே கிடக்கு. கடைசியா வந்த எண்ணையே திரை காட்டிக்கிட்டிருக்கு."

"எண்ணு எண்ணாத்தானம்மா இருக்கு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கே அவள் அதை மாற்றி வைத்தாள். இப்போது ஒவ்வொரு எண்ணோடும் நேரமும் வரவேண்டும்; நேரம் பழசானால் எண் மறைந்துவிடும்.

சூப்பர்வைசர் மட்டும் விடவில்லை. "துண்டு போட்டவன் கையாலயே நடந்ததை எழுதிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் குத்தம் அவன் மேலதான்" என்றார். அவள் டைப் அடித்துத் தருகிறேன் என்றாள். என்ன அடிப்பாளோ என்று வேண்டாமென்றேன். என் எழுத்தைக் காட்டக் கூசி நாளைக் கடத்தினேன்.

இன்று காலை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்கே வரி. அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டதை அதில் எழுதவில்லை. அதற்காகத்தான் இந்தத் தாள். துண்டு இன்னும் பம்ப் அறையில்தான் தொங்குகிறது.

சித்திரை ஒன்பது, வியாழக்கிழமை.