தலை நரைத்த ஜூனியர்

"சீனியர் நாடாளுமன்றத்தில் இருக்கிறார், ஐயா. ஒரு தேதி வேண்டும்."

இந்த வாக்கியத்தை அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கேட்டால் அந்தக் கோர்ட்டின் சுவர்தான் பதில் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் 'சட்டசபையில்' என்று சொல்வாள். சீனியர் மாநிலத்திலிருந்து தேசத்துக்கு உயர்ந்தபோது அந்த ஒரு சொல் மட்டும் மாறியது. தேதி கேட்கும் குரலும், அதைக் கேட்டு எதிர்த்தரப்பு வக்கீல் விடும் பெருமூச்சும் அப்படியேதான் இருந்தன. புதிதாக அங்கி மாட்டிய பிள்ளைகள் அவளுக்கு 'வாய்தா அக்கா' என்று பெயர் வைத்து, அவள் காதுபடவே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். வேறு என்ன செய்ய?

அன்றைக்கு இருந்தது புது நீதிபதி. வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"வக்காலத்துல உங்க கையெழுத்தும் இருக்கே?"

"இருக்கு, ஐயா."

"சாட்சி விசாரணை எல்லாம் யார் பண்ணினது?"

"நான்தான், ஐயா."

"அப்ப வாதம் பண்ண மட்டும் எதுக்கு இன்னொருத்தர்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நீதிபதி பேனாவை எடுத்தார். "வியாழக்கிழமை. அன்னைக்கு யார் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, கேட்டு முடிச்சிடுவேன். இதுதான் கடைசித் தேதி."

வெளியே தாழ்வாரத்தில் அவளுடைய கட்சிக்காரர் காத்திருந்தார். ஊரில் அவரை டீச்சர் என்பார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றை, ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு எடுத்து நடத்துபவர். வீட்டுக்காரர், தன் மகன் அலுவலகம் வைக்க அந்த இடம் வேண்டும் என்று காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார். அடுத்த தெருவில் அதே மகனுக்குச் சொந்த இடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. சாட்சிக் கூண்டில் அவனை நிறுத்தி அதை அவன் வாயாலேயே சொல்லவைத்தது இவள்தான். ஆனால் இறுதி வாதம் சீனியருடையது. அது அவர் அலுவலகத்தின் சட்டம்.

"இன்னைக்கும் தேதியா?" என்றார் டீச்சர்.

"வியாழக்கிழமை முடிஞ்சிடும், டீச்சர்."

"ஏம்மா, இந்த கேஸ் ஆரம்பிச்சப்போ எங்கிட்ட தொட்டில்ல கிடந்த பய இப்போ ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம் ஓடுறான். உன் சீனியர் இன்னும் கோர்ட் வாசல் தாண்டல."

"இந்தத் தடவை நிச்சயம் வருவார்."

"வரலைன்னா?"

அந்த இடம் போனால் டீச்சருக்கு வேறு இடம் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும். குழந்தைகள் சத்தம் போடும் என்று சொன்னால் எவனும் கதவைக்கூடத் திறக்கமாட்டான்.

அவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று கேட்பவர்கள், அவள் எப்படி வந்தாள் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அப்பா சரக்கு ரயிலில் மூட்டை இறக்கியவர். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். சட்டம் படித்து முடித்து, ஒவ்வொரு வக்கீல் அலுவலகமாக ஏறி இறங்கினாள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அப்பா வக்கீலா?" இந்த சீனியர் ஒருவர்தான், "கையெழுத்து நல்லா இருக்குமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவள் அங்கே தங்கிவிட்டாள் என்று சொன்னால் மிகையில்லை.

அப்போது அவர் நிஜமாகவே சிங்கம். குறுக்கு விசாரணையில் குரலை உயர்த்தவே மாட்டார். நலம் விசாரிப்பதுபோல் கேட்டுக்கொண்டே போவார். பொய் சொல்ல வந்தவன் தானாக வியர்த்து, தானாக உளறி, கடைசியில் தண்ணீர் கேட்பான். அந்தக் கோர்ட் கட்டடத்திலிருந்து அரசியலுக்குப் போனவர்கள் நிறைய பேர். ஒருவர் மந்திரி ஆனார். இன்னொருவர் நின்று, தோற்று, தேநீர் குடிக்கப் போனவர்போல் மறுநாளே பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நம் சீனியர் ஜெயித்தார். "கோர்ட்ல ஒருத்தரைத்தான் சம்மதிக்க வைக்கணும். அங்க போனா ஒரு ஊரையே சம்மதிக்க வைக்கலாம்," என்று மாலையும் கழுத்துமாக நின்று சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "வேலையெல்லாம் நீ பாரு. வாதத்துக்கு நான் வந்துடுவேன்," என்றார்.

அதற்குப் பிறகு அவள் தலை நரைக்கத் தொடங்கியது. அவர் தலைக்குச் சாயம் வந்தது.

அவர் வழக்குகளை மட்டுமல்ல, அவருடைய உரைகளையும் அவள்தான் எழுதினாள். சபையில் ஒரு மசோதா வந்தால் போன் வரும். "ஆதரிச்சுப் பேசணும்மா. நாலு பாயிண்ட் எழுதி அனுப்பு." அவள் எழுதுவாள். அது சரியா தவறா என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. எந்தப் பக்கத்துக்கும் எழுதத் தெரிந்தவர்தான் வக்கீல் என்று தொழிலின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டைப் பிரிப்பாள்.

செவ்வாய்க்கிழமை மாலை சீனியர் ஊருக்கு வந்திருப்பதாகத் தெரிந்து வீட்டுக்கே போனாள். வாசலில் செருப்புக் குவியல். கூடத்தில் மனுவோடு வந்தவர்கள், பூங்கொத்தோடு வந்தவர்கள், சும்மா வந்தவர்கள். நடுவே சீனியர் சோபாவில் அமர்ந்து எல்லோருக்கும் ஒரே சிரிப்பைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்.

"வாம்மா. என்ன கேஸ்?"

"வியாழக்கிழமை வாதம், சார். கடைசித் தேதி கொடுத்துட்டாங்க."

"அந்த மாவு மில்லுதானே?"

"அது போன வருஷமே சமரசம் ஆயிடுச்சு, சார். இது குழந்தைகள் காப்பகம்."

"ஆமா ஆமா, டீச்சரம்மா. பாவம். நம்ம தொகுதிதானே?"

"இல்ல, சார்."

"பரவாயில்ல, மனுஷங்கதானே," என்று பெருந்தன்மையாகச் சொன்னார். "வர்றேன். என்ன ஆனாலும் வர்றேன்."

"சார், உங்களுக்கு வேலை இருந்தா நானே..."

"சே, சே. என் பேரைக் கேட்டு வந்த கட்சிக்காரங்க. நீ எழுந்து நின்னா அவங்க என்ன நினைப்பாங்க?"

அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தாழ்வாரத்தில் தினமும் காதால் கேட்பவள் அவள்தான். சொல்லலாமென்று நினைப்பதற்குள் யாரோ ஒருவர் அவரைப் பேத்திக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் காலில் விழுந்தார்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் புலம்பினாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். எதையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கிற பழக்கம்.

"அவர் வரலைன்னா உனக்கு கோபம் வருது. வர்றேன்னு சொன்னாலும் கோபம் வருது. உனக்கு என்னதான் வேணும்?"

"தெரியாம பேசாதீங்க."

"தெரியாமதான் கேக்கறேன்."

வியாழக்கிழமை சீனியர் வந்தே விட்டார். அதுதான் வினை. அவருக்கு முன்னால் ஆட்கள், பின்னால் ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் இரண்டு நிருபர்கள். டீச்சரின் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. சீனியர் எழுந்து அங்கியைச் சரிசெய்து, "மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே," என்று நீதிபதியைப் பார்த்து ஆரம்பித்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அதன் பிறகு சீனியர் குழந்தைகளைப் பற்றி, நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி அழகாகப் பேசினார். வீட்டுக்காரர் மகனின் பூட்டிய இடத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எழுதிக் கொடுத்த குறிப்பு அவர் கையிலேயே சுருண்டு கிடந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சாதுவான மனிதர். கையில் சட்டசபை நடவடிக்கைக் குறிப்பு. "வாடகைச் சட்டத் திருத்தம் வந்தபோது ஒரு உறுப்பினர் அதை ஆதரித்துப் பேசியதைப் படிக்கிறேன், ஐயா," என்று தொண்டையைச் செருமினார். "'வீடு எனக்கு வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னால் அது போதும். எதற்கு என்று கேட்க வாடகைக்காரர் யார்? நீதிமன்றம்தான் யார்?' இந்தச் சட்டத்தின் நோக்கம் இதுதான், ஐயா. பேசிய உறுப்பினர் இதோ, என் எதிரிலேயே இருக்கிறார்."

அந்த வாக்கியங்களை அவளுக்குத் தெரியும். 'நீதிமன்றம்தான் யார்' என்று ஓசைக்காகச் சேர்த்தது அவளேதான். அவள் எழுதி, அவர் பேசி, இப்போது வீட்டுக்காரருக்காக அது படிக்கப்படுகிறது. சுற்றி வளைத்து டீச்சரின் கழுத்தில் வந்து நிற்கிறது.

"நீங்க பேசினதா?" என்றார் நீதிபதி.

சீனியர் முகத்தில் பெருமை படர்ந்தது. "ஆமாம். அன்னைக்கு எல்லாரும் மேஜையைத் தட்டினாங்க."

"இன்னைக்கும் அதே கருத்துதானா?"

சீனியர் நிருபர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஆமாம் என்றால் டீச்சர் போனார். இல்லை என்றால் நாளைக்குச் செய்தியில் இவர் போனார். "சபையில் சொன்ன சொல்லை நான் திரும்பப் பெறுவதில்லை," என்று கம்பீரமாகச் சொன்னார். டீச்சர் பின்னாலிருந்து அவளுடைய அங்கியைப் பிடித்து இழுத்தார்.

"நம்ம ஆளா, அவங்க ஆளா இவரு?"

சீனியர் உட்கார்ந்தார். அவள் எழுந்திருக்கப் போவது தெரிந்து மெல்லச் சொன்னார். "உட்காரு. விட்டுடு. அப்பீல்ல பாத்துக்கலாம்."

அப்பீல். அங்கேயும் இவர் வரவேண்டும். அங்கேயும் ஒரு நீதிபதி, அங்கேயும் தாழ்வாரம். அதற்குள் காப்பகத்தைக் காலி செய்து பூட்டு மாட்டியிருப்பார்கள். அவள் உட்காரவில்லை.

"ஐயா, நான் ரெண்டு வார்த்தை சொல்லணும். அந்த உரையை முழுசா ஏத்துக்கறேன். என் சீனியர் அப்படித்தான் பேசினார். தேவை உண்மையானதுன்னு கோர்ட் திருப்தி அடையணும்கிற வரியைச் சட்டத்துல இருந்து எடுத்துடணும்னு சபையைக் கேட்டுக்கிட்டார். சபை கேட்டது. மேஜையையும் தட்டினது. ஆனா அந்த வரியை எடுக்கல. வாக்கெடுப்புல மத்த திருத்தமெல்லாம் நிறைவேறியும் அந்த வரி அப்படியே நின்னுடுச்சு. அதே குறிப்போட அடுத்த பக்கத்துல இருக்கு. அதனால இந்த உரையிலிருந்து சபையோட நோக்கம் என்னன்னு பார்த்தா, என் சீனியர் சொன்னதைச் சபை ஒத்துக்கலைங்கறதுதான் தெரியுது."

அந்தக் குறிப்பு அச்சாகி வந்த அன்றைக்கே அதை முழுதாகப் படித்தவள் அவள். எதிர்த்தரப்பு வக்கீல் அவசரமாக அடுத்த பக்கத்தைத் தேடினார். அவள் சீனியர் பக்கம் பார்க்காமல் மேலே பேசிக்கொண்டே போனாள். பூட்டிக் கிடக்கும் இடம், மகன் கூண்டில் சொன்னது, அந்த இடத்தின் அளவு, காப்பகத்தின் அளவு. எல்லாம் அவளே கேட்டு வாங்கிய பதில்கள், குறிப்பைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்ததும் சீனியர் கோபப்படுவார் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அவள் தோளில் தட்டி, "என்னையே வெட்டிட்டியே. பிரமாதம்," என்று சிரித்து, நிருபர்களிடம், "எங்க ஆபீஸ்ல ஜூனியர்களுக்கு அவ்வளவு சுதந்திரம்," என்று சொல்லிவிட்டு காரில் ஏறினார்.

அடுத்த வாரம் வீட்டுக்காரரின் மனு தள்ளுபடியானது. தீர்ப்பில் அவள் சொன்ன அடுத்த பக்கம் இருந்தது. அவள் பெயரும் இருந்தது, சீனியர் பெயருக்குக் கீழே.

நகலைக் கொடுக்கச் சனிக்கிழமை காப்பகத்துக்குப் போனாள். குழந்தைகள் தூங்கும் நேரம். உட்காரப் பெரிய நாற்காலி இல்லாததால் சிவப்புக் குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தாள். நன்றி சொல்வார், கையைப் பிடித்துக்கொள்வார், கண் கலங்குவார் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு வந்திருந்தாள். டீச்சர் தீர்ப்பைக் கடைசி வரி வரை வாசித்து மடித்து வைத்தார்.

"நல்லா இருக்கு. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க, டீச்சர்."

"அன்னைக்கு நீ பேசினதெல்லாம் அன்னைக்குப் புதுசா கண்டுபிடிச்சதா?"

"அந்த உரை விஷயம் மட்டும்தான் புதுசு. மத்ததெல்லாம் முன்னாடியே தெரிஞ்சதுதான்."

"எத்தனை நாளா?"

"சாட்சி விசாரணை முடிஞ்சதிலிருந்து."

"அப்ப இத்தனை வருஷமா நான் ராத்திரி தூங்காம கிடந்தது எதுக்கு?" டீச்சர் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "அந்த மனுஷன் வரலைன்னு அவரைத் திட்டினேன். எழுந்து நிக்க வேண்டியவ பக்கத்துலயே நின்னுட்டு இருந்திருக்கா. ஏன் பேசல?"

"தெரியல, டீச்சர்."

"தெரியலன்னு சொல்லாத. உக்காந்து யோசிச்சுட்டு சொல்லு." சொல்லிவிட்டு, ஈரத் துணியைக் கொடியில் போடப் போய்விட்டார்.

அவள் நிஜமாகவே உட்கார்ந்து யோசித்தாள். சீனியர் மேல் பழி போடலாம். அலுவலக வழக்கத்தின் மேல் போடலாம். அப்பா வக்கீலா என்று கேட்டவர்கள் மேலும் போடலாம். ஆனால் அவள் எழுந்து நின்ற அன்றைக்கு அவளை யாரும் பிடித்து உட்காரவைக்கவில்லை. "உட்காரு" என்று ஒருவர் முணுமுணுத்தார், அவ்வளவுதான். அந்த முணுமுணுப்புக்கா இவ்வளவு காலம்?

கைப்பையில் போன் அதிர்ந்தது. குழந்தைகள் எழுந்துவிடப் போகிறார்கள் என்று சட்டென்று எடுத்தாள்.

"ஏம்மா, திங்கட்கிழமை அந்த லாரி விபத்துக் கேஸ் இருக்கில்ல? எனக்கு இங்க கூட்டம். ஒரு தேதி வாங்கி வெச்சிடு, நான் வந்து பேசிக்கறேன்."

"வேண்டாம், சார். திங்கட்கிழமை நானே பேசி முடிச்சிடறேன்."

மறுமுனையில் மைக் சரிபார்க்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

"என்னம்மா, கோபமா இருக்கியா?"

"கோபம் இருக்கு, சார். அது வேற."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவரை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.