திருவிருந்துப் பட்டியலில் அடித்த பெயர்

எழுபதுகளின் ஆரம்பம். மீஞ்சூர் பக்கத்தில் ஒரு சின்ன லுத்தரன் சபைக்கு நான் போதகர். யோசேப்பு என்ற மில் தொழிலாளி குடித்துவிட்டு ரோட்டோரம் கிடந்ததாகச் சிலர் சொன்னார்கள். அவரை ஒரு வார்த்தை கேட்காமலே திருவிருந்துப் பட்டியலில் அவர் பெயரை அடித்தேன். மற்றவர்கள் அப்பமும் ரசமும் வாங்க முன்னால் போகும்போது, மூன்று மாதம் அவர் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரு ஞாயிறு காலை நான் அங்கி மாட்டும்போது அறைக்குள் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே சரிந்தார். கை கால் இழுத்தது, வாயில் நுரை. வலிப்பு! அன்று ரோட்டோரத்தில் நடந்ததும் இதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தெளிந்ததும், "மில்லுல சொல்லிடாதீங்க ஐயா, வேலை பூடும்" என்றார்.

ஆராதனை மணி அடித்துவிட்டது. நான் வெளியே போய், பாவ அறிக்கை செய்யும் சபையாரிடம், "உங்கள் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்று சொல்ல வேண்டும். எந்த வாயால் சொல்வது? போகவும் முடியவில்லை, அங்கியைக் கழற்றவும் முடியவில்லை.

"எனக்கு அதை யார் சொல்வது யோசேப்பு?" என்றேன்.

"இன்னா ஐயா, நான் சொன்னா செல்லாதா?"

மண்டியிட்டேன். கிரீஸ் வாடை அடித்த கையை என் தலையில் வைத்தார்.

"இயேசு பேரால உங்க பாவத்த மன்னிச்சாச்சு. எயுந்திருங்க, ஜனங்க காத்துக்கினு கீறாங்க."

எத்தனையோ வருஷம் அந்த வார்த்தையை நின்றபடி சொல்லியிருக்கிறேன். மண்டியிட்டுக் கேட்டது அன்றுதான்.